பழைய ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸில் பூஸ்ட் ஏற்றுவது: எந்த வழி, எவ்வளவு

மாமா பையன் போன மாதம் ஒரு பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வாங்கினான். வண்டி வீட்டு வாசலுக்கு வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. போன் பண்ணி, "அண்ணா, ரீமேப் போட்டுடலாமா, இல்ல பூஸ்ட் கன்ட்ரோலரே போதுமா?" என்று கேட்டான். டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். ரீமேப் என்றால் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி எழுதுவது. என்னிடம் இதே வண்டி ஏழு வருடமாக இருக்கிறது. கோயம்புத்தூரில் டைனோவில் (சக்கரங்களை ரோலர் மேல் சுற்றவிட்டு சக்தியை அளக்கும் மெஷின்) பல தடவை ஏற்றி இறக்கியிருக்கிறேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதியே அனுப்பினேன். பழைய டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் இன்ஜின். 1781 சிசி, சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் 20 வால்வு, வார்ப்பிரும்பு பிளாக். இங்கே விற்ற ஆர்.எஸ்.ஸில் 5700 ஆர்.பி.எம்.மில் 150 எச்.பி., 1750 முதல் 4600 வரை 210 என்.எம். இதே 1.8 டர்போ ஐரோப்பிய ஆர்.எஸ்.ஸில் 180 எச்.பி., ஆடி டி.டி.யில் 225 எச்.பி.யும் வந்தது. அதனால் 150-ஐப் பார்க்கும் யாருக்கும் உள்ளே இன்னும் சரக்கு இருக்கிறது என்று தோன்றும். இருப்பது உண்மைதான். ஆனால் அந்த 225 வெறும் பூஸ்டால் வந்தது இல்லை. அதற்குப் பெரிய கே04 டர்போ, பெரிய இன்ஜெக்டர், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்க இரண்டு இன்டர்கூலர் வைத்தார்கள். கம்ப்ரஷனையும் 9.5-இலிருந்து 9-க்கு இறக்கினார்கள். நம் வண்டியில் இருப்பது சின்ன டர்போ, சின்ன இன்ஜெக்டர், முன்சக்கர வளைவுக்குள் ஒளித்துவைத்த ஒற்றை இன்டர்கூலர், 9.5 கம்ப்ரஷன். எந்த வழியில் பூஸ்டை ஏற்றினாலும் இந்த நான்கையும் வைத்துக்கொண்டுதான் ஏற்ற வேண்டும்.

அப்புறம் டைனோ தாள். நண்பர்கள் போனில் காட்டும் டைனோ படத்தில் எல்லோரும் பார்ப்பது மேலே இருக்கும் ஒற்றை எண்ணைத்தான். அந்த எண் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. டைனோ அளப்பது சக்கரத்தில் வரும் சக்தியை. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தின்றது போக மிச்சம். முன்சக்கர வண்டியில் சுமார் 15 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் நல்ல நிலையில் இருக்கும் 150 எச்.பி. வண்டி சக்கரத்தில் 125 முதல் 130 வரை காட்ட வேண்டும்.

இதற்கு மேல் திருத்தம் என்று ஒன்று உண்டு. எஸ்.ஏ.இ. முறையில் 25 டிகிரி வெப்பம், 990 மில்லிபார் காற்றழுத்தம் என்ற நிலைக்கு எண்ணை மாற்றிக் காட்டுவார்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், காற்றழுத்தம் 965 மில்லிபார் பக்கம். சித்திரை மாத மதியம், 36 டிகிரி வெயிலில் கணக்குப் போட்டால் அந்தப் பெருக்கி 1.08 வரை போகும். வண்டி இழுத்தது 120 என்றால் தாளில் 130. டர்போ இல்லாத இன்ஜினுக்கு இது நியாயமான கணக்கு. நம் வண்டியில் வெளிக்காற்று மெலிந்தால் இசியு (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) டர்போவைக் கூடுதலாகச் சுற்றவைத்து உள்ளழுத்தத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. ஏற்கெனவே சரிக்கட்டியதன் மேல் இன்னொரு தடவை திருத்தம் போட்டால் எண் ஊதிப்போகும். அதனால் ஆபரேட்டரிடம் திருத்தம் இல்லாத தாளையும் சேர்த்துக் கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். இந்தக் கட்டுரையில் என் வண்டிக்கு நான் தரும் எண்கள் எல்லாம் திருத்தம் இல்லாமல், ஒரே டைனோவில், நான்காவது கியரில், சக்கரத்தில் எடுத்தவை. வேறு டைனோவின் எண்ணோடு இவற்றை ஒப்பிட்டால் பொருள் இருக்காது.

சரி, வழிகளுக்கு வருகிறேன். முதல் வழியைச் சொன்னால் தம்பிக்குப் பிடிக்காது என்று தெரியும். பூஸ்டைத் தொடாமல், வண்டி பிறந்தபோது இருந்த பூஸ்டுக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அது. நான் முதல் தடவை டைனோவில் ஏற்றியபோது 112 எச்.பி. வந்தது. 3500-க்கு மேல் பூஸ்ட் 0.6 பாரில் நிற்காமல் 0.4-க்குச் சரிந்தது. சைலன்சர் முனையில் விரல் வைத்தால் மைபோல் கரி ஒட்டியது. ஆபரேட்டர் அண்ணன் தாளைப் பார்க்கவே இல்லை, அந்தக் கரியைத்தான் பார்த்தார். "ரீமேப்பை அப்புறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல புகை போட்டுப் பாத்துரலாம்" என்றார். ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயை மூடி, உள்ளே புகையை ஊதினார். ஒரு நிமிடத்தில் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்திலிருந்து, கிளாம்புக்குக் கீழே, ஊதுவத்திப் புகைபோல மெல்லிய நூல் ஒன்று எழுந்தது. கையால் தடவினால்கூடத் தெரியாத வெடிப்பு. டைவர்ட்டர் வால்வைக் (காலை எடுக்கும்போது மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு) கழற்றினால் உள்ளே இருந்த ரப்பர் சவ்வு பிறைபோலக் கிழிந்திருந்தது.

கரி ஏன் வந்தது என்பதும் இதிலேயே புரியும். காற்றை அளக்கும் மாஃப் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது அளந்த காற்றுக்கு இசியு பெட்ரோல் விடுகிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு வழியில் கசிந்துவிட்டால் பெட்ரோல் மட்டும் கூடுதலாகப் போய்ச் சேரும். டர்போவோ கசிவையும் சேர்த்து நிரப்ப வேண்டும் என்று அளவுக்கு மேல் சுற்றும். இந்த நிலையில் பூஸ்டை ஏற்றியிருந்தால் டர்போ ஆயுளைக் குடித்திருப்பேன். ஹோஸ், டைவர்ட்டர் வால்வு, நாலு ஸ்பார்க் பிளக், சந்தேகமாக இருந்த ஒரு இக்னிஷன் காயில் ஆகியவற்றை மாற்றியதும் 127 வந்தது. பதினைந்து எச்.பி., ரீமேப் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாமல்! தம்பியின் வண்டி இருபது வருடப் பழசு. அதற்கும் முதலில் இதுதான். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் அதையும் இதோடு முடித்துவிட வேண்டும். ஆயில் சம்பைக் கழற்றி, ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில் கசடு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இன்ஜின் குடும்பத்துக்கு அந்த நோய் உண்டு. டர்போவின் பேரிங்குக்குப் போகிற ஆயிலும் அந்த வலை வழியாகத்தான் போகிறது.

இரண்டாவது வழி, கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலர். வேஸ்ட்கேட் என்பது எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு. அதற்குப் போகும் அழுத்தத்தில் கொஞ்சத்தைக் கசியவிட்டால் வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். விலை மிகக் குறைவு, அரை மணி நேர வேலை. வேஸ்ட்கேட்டை வெறும் ஸ்பிரிங் மட்டும் ஆளும் இன்னும் பழைய டர்போ வண்டிகளில் இதற்கு ஓர் இடம் இருந்தது. (அந்தக் காலத்திலேயே எல்லோரும் அப்படி விட்டுவிடவில்லை. 1980களின் தொடக்கத்தில் சாப் நிறுவனம் ஏ.பி.சி. என்ற முறையைக் கொண்டுவந்தது. இன்ஜின் நாக் ஆவதை, அதாவது உள்ளே கலவை தானாக வெடித்துத் தட்டுவதை, ஒரு சென்சார் கேட்டு, கேட்டதும் பூஸ்டை இறக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது.) நம் வண்டியில் இருப்பது போஷ் மோட்ரானிக் எம்.இ.7. எவ்வளவு டார்க் வேண்டும், அதற்கு எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டு, என்75 வால்வு வழியாக வேஸ்ட்கேட்டை ஆளுகிறது. அதற்குத் தெரியாமல் பூஸ்ட் ஏறினால் த்ராட்டிலை மூடும், ஓவர்பூஸ்ட் கோட் போட்டு லிம்ப் மோடுக்கு (சக்தியை வெகுவாகக் குறைக்கும் பாதுகாப்பு நிலை) போகும். மலைப்பாதையில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் இந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, டியூனிங் பாக்ஸ். பூஸ்ட் சென்சாரின் வயரில் நடுவே செருகிவிடுவார்கள். உள்ளே 0.8 பார் இருக்கும்போது இசியுவிடம் 0.6 என்று சொல்லும். இசியுவும் 'இன்னும் போதவில்லை' என்று டர்போவை ஏற்றும். இதில் ஒரு நல்லது உண்டு. வண்டியை விற்கும்போது பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம், இசியு தொடாமல் இருக்கும். மாஃப் சென்சார் உண்மையைச் சொல்வதால் பெட்ரோலும் ஓரளவு சரியாகப் போகும். ஆனால் ஆபத்து வந்தால் பூஸ்டைக் குறைக்கச் சொல்ல இசியு நம்பியிருப்பது அந்தச் சென்சாரைத்தான். அதன் வாயை அடைத்துவிட்டு சக்தி வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. புதுசாக, வாரண்டியோடு இருக்கும் வண்டியில் ஆசைப்பட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இருபது வருட வண்டியில் காப்பாற்ற வாரண்டி எதுவும் இல்லை.

நான்காவது, வேறு எங்கோ எழுதிவைத்த ரெடிமேட் ரீமேப். ஸ்டேஜ் ஒன் என்று சொல்வார்கள். லேப்டாப்பை மாட்டி, ஃபைலை ஏற்றி, ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்கள். இந்த இன்ஜினுக்கு உலகம் முழுக்க இருபது வருடமாக எழுதிக் குவித்திருப்பதால் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். எனக்கு உறுத்துவது பெட்ரோல்தான். ஐரோப்பாவில் எழுதிய ஃபைல் 95, 98 ஆக்டேனை (நாக் ஆகாமல் பெட்ரோல் தாங்கும் அளவு) நினைத்து எழுதியது. அமெரிக்க ஃபைலில் 93 என்று போட்டிருந்தால் ஏமாந்துவிடக் கூடாது. அவர்கள் அளவுகோலே வேறு. அவர்களது 93 நம் கணக்கில் சுமார் 98. நம் ஊர் பங்கில் சாதாரண பெட்ரோல் 91-இல் ஓடிய காலத்தில் ரெடிமேட் ஃபைல் போட்ட பலருக்கு வண்டி வெயில் காலத்தில் மந்தமாகிப் போனது இதனால்தான். நாக் சென்சார் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். கொடுத்த பூஸ்ட் சக்தியாக மாறாமல் வெப்பமாக எக்ஸாஸ்டில் போகும்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருக்கிறது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், உள்ளே போகும் காற்றையும் கொஞ்சம் குளிர்விக்கும். பூஸ்டுக்கு அது நல்லதுதான். ஆனால் அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாகத் தேவைப்படும். சாதாரண பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 பக்கம். அதாவது இன்ஜெக்டர் சுமார் 7, 8 சதவீதம் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். ஏற்கெனவே சின்ன இன்ஜெக்டர். பூஸ்டையும் ஏற்றினால் மேல் ஆர்.பி.எம்.மில் அது முழு நேரமும் திறந்தே கிடந்தாலும் போதாமல் போகலாம். அப்போது கலவை மெலியும். முழு பூஸ்டில் மெலிந்த கலவையோடு ஓடினால் பிஸ்டன் உருகும். இந்த வண்டி வந்த காலத்து எரிபொருள் ஹோஸ்களும் இவ்வளவு எத்தனாலை நினைத்துச் செய்தவை இல்லை. அவற்றையும் மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, நான் செய்தது: டைனோவிலேயே உட்கார்ந்து, நம் வண்டிக்கு, நம் ஊர் பங்க் பெட்ரோலுக்கு, நம் வெயிலில் எழுதும் ரீமேப். செலவு கூடுதல், முழு நாள் போகும். அந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வித்தியாசம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு வண்டியைக் கட்டினார்கள். இன்ஜின் பிளாக்கில் ஒரு செப்புக் குழாயின் தட்டிய முனையை போல்ட் போட்டு இறுக்கி, மறுமுனையில் ரப்பர் டியூப் மாட்டி, அதைக் காதடைப்பானுக்குள் விட்டிருந்தார் அண்ணன். நாக் சத்தத்தைக் கேட்க, டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரிதான். லேப்டாப்பில் இசியுவின் எண்களைப் படிக்கும் விசிடிஎஸ் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பார்க்க வேண்டியவை மூன்று. 115-ஆம் அளவீட்டு பிளாக்கில் இசியு கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும். 031-இல் கலவை. 020-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் எத்தனை டிகிரி பின்னுக்கு இழுக்கப்படுகிறது என்பது. 115-இல் 1600 என்று வந்தால் பூஸ்ட் 1.6 பார் என்று பயப்பட வேண்டாம். வெளிக்காற்றையும் சேர்த்த கணக்கு அது.

பூஸ்டை 0.6-இலிருந்து ஒவ்வொரு தடவையும் 0.1 பார் வீதம் ஏற்றினார்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு இழுப்பு (முழு த்ராட்டிலில் ஒரு ஓட்டம்), பிறகு ஆறவிடுவது. 0.9 வரை 020-இல் இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் வரவில்லை. 1.0-இல் 4200 ஆர்.பி.எம். தாண்டும்போது அண்ணன் சட்டென்று கையைத் தூக்கினார், ஓட்டிக்கொண்டிருந்த பையன் காலை எடுத்தான். காதடைப்பானை என்னிடம் கொடுத்து, "நீங்களே கேளுங்க" என்று இன்னொரு தடவை அரை இழுப்பு இழுத்துக் காட்டினார். இன்ஜின் இரைச்சலுக்கு அடியில், சூடான இரும்புச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் இரண்டே இரண்டு சத்தம். வெளியே நின்றவர் யாருக்கும் கேட்டிருக்காது. திரையில் மூன்றாவது சிலிண்டருக்கு எட்டு டிகிரி. உள்ளே போகும் காற்றின் வெப்பம் 68 டிகிரி. காலையில் முதல் இழுப்பில் அது 44.

அந்த 24 டிகிரி ஏற்றத்துக்குக் காரணம் இன்டர்கூலர். சக்கர வளைவுக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி இரண்டு, மூன்று இழுப்பிலேயே சூடேறிவிடும், அப்புறம் ஆறாது. டைனோ ஃபேன் அதன் மேல் சரியாக அடிக்காது என்பதும் உண்மை. ரோட்டில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது நிலைமை டைனோவைவிட மோசம். வேகம் குறைவு, காற்று குறைவு, கால் முழுக்க அழுத்தியபடி. உயரம் போகப்போக டர்போவுக்கும் வேலை கூடும். 1.6 பார் மொத்த அழுத்தம் கொடுக்கக் கோவையில் வெளிக்காற்றை 1.66 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். பூஸ்ட் எண்ணைக் கோவை டைனோவில் விளிம்பு வரை ஏற்றி வைத்தால், அந்த விளிம்பைக் குன்னூர் வளைவுகளில் தாண்டிவிடுவோம்.

அதனால் 1.0-ஐ விட்டு 0.9-க்கு இறங்கினோம். அதுவும் 3000 முதல் 4500 வரை மட்டும். அதற்கு மேல் படிப்படியாக இறங்கி 6000-இல் 0.65. சின்ன டர்போவை மேலே இழுத்துப் பிடித்தால் அது ஊதுவது வெறும் வெந்த காற்று. முழு த்ராட்டிலில் கலவையை லாம்டா 0.82 பக்கம் (1-க்குக் குறைந்தால் பெட்ரோல் கூடுதல்) வைத்தார்கள். பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக மாற்றி, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். கடைசி இழுப்பு 158 எச்.பி. அதற்குப் பிறகு ஆறவிடாமல் தொடர்ந்து மூன்று தடவை இழுக்கச் சொன்னேன். மூன்றாவதில் 151. எனக்கு முக்கியமான எண் அந்த 151-தான். மதியம் இரண்டு மணிக்கு அவிநாசி ரோட்டில் எனக்குக் கிடைக்கப்போவது அதுதானே. ரெடிமேட் ஃபைல் போட்ட ஒரு நண்பரின் இதே வண்டி அதே டைனோவில் முதல் இழுப்பில் 164, மூன்றாவதில் 146 காட்டியது. தாளில் ஜெயித்தது அவர் வண்டி.

ஆறாவது வழியான கே04 டர்போவை இரண்டு வரியில் முடிக்கிறேன். டர்போ மட்டும் மாற்றி நிற்க முடியாது. இன்ஜெக்டர், இன்டர்கூலர், எக்ஸாஸ்ட், கிளட்ச் என்று வரிசையாக வரும், கனெக்டிங் ராட் தாங்குமா என்ற கேள்வியும் வரும். கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசை என்றால் அது தனிக் கணக்கு, தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு வேண்டாம்.

கிளட்ச் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. ரீமேப்புக்குப் பிறகு டைனோ கோட்டில் ஆர்.பி.எம். ஏறியும் ரோலர் வேகம் ஏறாமல் ஓர் இடத்தில் கோடு நடுங்கினால், கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். என் வண்டியில் நடுங்கவில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஒரிஜினல் கிளட்ச் என்றால் அதற்கும் பணம் எடுத்து வைத்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் காட்டி க்ளெய்மை மறுக்கலாம். முதல் வழிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நான் அதை முதலில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தம்பிக்கு நான் எழுதியது இதுதான். இந்த மாதம் புகை டெஸ்ட், பெல்ட், ஆயில் சம்ப், ஹோஸ்கள். முடித்ததும் ஒரு டைனோ இழுப்பு, திருத்தம் இல்லாத தாள். 125-க்குக் குறைந்தால் இன்னும் எங்கோ கசிகிறது, மேலே போகாதே. 125-ஐத் தொட்டுவிட்டால் மூன்று மாதம் அப்படியே ஓட்டு. இருபது வருட வண்டி முழு 150-இல் எப்படி ஓடும் என்பதே உனக்கு இன்னும் தெரியாது. அதற்கு அப்புறமும் ஆசை இருந்தால் ரீமேப்புக்கு முன்னால் பம்பருக்குப் பின்னால் வைக்கிற முன்பக்க இன்டர்கூலர் வாங்கு. நான் அதைப் பிறகு வாங்கலாம் என்று விட்டதில்தான் 0.9-இல் நிற்கிறேன்.

பதில் வந்தது: "சரிண்ணா, புகை டெஸ்ட்டுக்கு எப்போ வரட்டும்?" வரும் சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன், இன்ஜின் ஆறியிருக்கும்போதே.